ஆள் போன பின் மடித்தவை

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன்; நம்புவதைத் தவிர வேறு வழியை நீ எனக்கு விட்டுவைக்கவில்லை. சென்ற ஆண்டு நான் எழுதிய ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தொலைபேசியிலோ “நல்லாருக்கோம்க்கா” என்பதோடு வைத்துவிடுகிறாய். ஆயினும் நற்செய்தியை மறைப்பது என் இயல்பன்று.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மடிப்புப் பிரிவுக்கு என்னைக் குழுத்தலைவியாக நியமித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள், அகராதியை மடியில் வைத்து இந்நாட்டு மொழியைத் தானே கற்றவள், இன்று எட்டுப் பேருக்குத் தலைவி! மூன்று மாதம் சோதனைக்காலம். தேறினால் பதவி நிலைக்கும். இல்லையேல் பழையபடி மேசைதான்.

அந்த எட்டுப் பேருக்கும் தாய்மொழிகள் ஐந்து. அறுவை அரங்குக்குச் செல்லும் விரிப்பை, ஒரு முனையைப் பிடித்திழுத்தால் தரையில் படாமல் விரியும்படி மடிக்க வேண்டும். எந்நேரமும் எதையோ முணுமுணுத்துப் பாடும் பெண்ணொருத்தி இருக்கிறாள்; பாட்டுக்காரி என்று அவளுக்குப் பெயரிட்டிருக்கிறேன். ஐந்து விரிப்புக்கு ஒன்றைத் தலைகீழாக மடிக்கிறாள். மற்றவர்களும் அவ்வப்போது தவறுகிறார்கள். நான் எவரையும் கடிந்துகொள்வதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் போன பின், பிழையானவற்றைப் பிரித்து நானே மடித்துவிடுகிறேன். எவர் முகமும் வாடுவதில்லை. கட்டுகளும் குறையின்றிப் போகின்றன. இதனினும் நயமான நிர்வாகம் உண்டோ?

பதிலை எதிர்நோக்கும்,
உன் அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

பதவி கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இவர் தெருமுனை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உன்னைப் போல எனக்கு எழுத வராது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தபோது மூத்தவன், “எல்லாத்தையும் பெரியம்மாவே மடிச்சா அந்த எட்டுப் பேர் எதுக்கு?” என்று கேட்டான். பதில் இருந்தால் அவனுக்கு எழுது.

தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

சில வரிகளேயானாலும் உன் கையெழுத்தைக் கண்டேன், நன்றி. மூத்தவனுக்குப் பதில் சொல்லும் நிலையில் இன்று நான் இல்லை.

சென்ற செவ்வாயன்று, உருளை இயந்திரம் ஆறும்வரை காத்திருந்த, எங்கள் எட்டுப் பேரில் ஒருவரான இஸ்திரிக்காரப் பெரியவர், நான் மேசையில் விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மற்றவர்களிடம் சொல்லிவிட்டார் போலும். மறுநாள் உணவு இடைவேளையில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. பாட்டும் நின்றுவிட்டது. இரண்டு நாளில் பெரியவரும் இன்னொருவரும் வேறு வேளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பெரியவரிடம் காரணம் கேட்டேன். இருவர் மொழியும் அல்லாத இந்நாட்டு மொழியில், இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிப் பேசினோம். அவர் சொன்னது தமிழில் இப்படி இருக்கும்:

“குத்தம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லும்மா. எங்க பக்கம், ஆள் போனப்புறம் வர்றவன் திருடன்தான்.”

பாட்டுக்காரி சொன்னது அதைவிடக் கொடிது: “எங்க ஊர்ல ஒருத்தி செஞ்சதைக் கலைச்சுத் திரும்பச் செஞ்சா, நாளையிலேர்ந்து நீ வராதேன்னு அர்த்தம். நான் தினமும் வந்துக்கிட்டே இருந்திருக்கேன், வெட்கமில்லாம.”

நன்மை செய்யப் போய்ப் பழி சுமக்கிறேன். ஒருவர் மனமும் நோகக்கூடாதென்று முதுகொடிய உழைத்தேனே, அதற்கா இது? நீயாவது நியாயம் சொல்.

மனம் சோர்ந்த,
உன் அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

நியாயம் கேட்டாய், சொல்கிறேன். அவர்கள் சொன்னதுதான் நியாயம்.

போன தடவை நீ வந்திருந்தபோது, ஒரு மதியம் பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பினேன். மழை பிடித்துக்கொண்டது, குடைக்காகத் திரும்பி வந்தேன். காலையில் நான் அடுக்கிய சமையலறை முழுவதையும் இறக்கித் தரையில் பரப்பி, நீ மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாய். குடையை எடுக்காமலே போய்விட்டேன். வேலைக்காரியிடம்கூட “இதை இப்படி வை”ன்னு வாய்விட்டுச் சொல்வார்கள். எனக்கு அதுகூட இல்லை. உன் ஆறு கடிதத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அந்தப் பொண்ணுகிட்ட நேரா சொல்லுக்கா. அழுதா அழட்டும். சொல்லாததுதான் வலிக்கும்.

தங்கை

ஏப்ரல் 12

தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு சினந்தேன். நான்கு பக்கத்தில் மறுப்பு எழுதினேன், கிழித்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பிழையான விரிப்பொன்றைப் பாட்டுக்காரியின் முன் வைத்து, “இது தவறு” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எட்டுப் பேரும் கையை நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. “எது? காட்டு” என்றாள். காட்டினேன். “இதைச் சொல்லவா இத்தனை நாளு? மறுபடி மடி, மெதுவா” என்றாள். மடித்தேன். பெரியவர் எட்டிப் பார்த்து, “தலைவியம்மா, உன் ஓரமும் கோணல்தான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எந்த மொழியிலும் இல்லாத சிரிப்பு, ஆகவே எனக்கும் புரிந்தது.

அன்று முதல் மூன்று மணிக்கு நானும் கிளம்பிவிடுகிறேன். விளைவைக் கேள்: முன்பு ஒரு கட்டும் திரும்பி வந்ததில்லை, மார்ச்சில் மட்டும் பதினோரு கட்டுகள் அரங்கிலிருந்து திரும்பின. நேற்றுச் சோதனைக்காலம் முடிந்தது. மேலாளர் எங்கள் மேசைக்கே வந்து, “இந்த அம்மா தலைவியானப்புறம் தவறு கூடிப்போச்சே, ஏன்?” என்று கேட்டார். பொறுப்பு என்னுடையது என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பாட்டுக்காரி முந்திக்கொண்டாள்:

“தவறு முன்னாடியும் இருந்துச்சு சார். இவங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க. இப்போதான் வெளியே வருது. கடைசி வாரத்துல ரெண்டே ரெண்டுதான், எண்ணிப் பாருங்க.”

என்னை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னாள். காது சிவந்துவிட்டது, என்றாலும் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மேலாளர் எண்ணிப் பார்த்தார். பதவி நிலைக்கவில்லை, பறிபோகவும் இல்லை. இன்னும் மூன்று மாதம் சோதனை. பெரியவர் தம் மாற்றல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மற்றவர் போய்விட்டார். அவரைத் தடுக்க எனக்கு முகமில்லை.

மன்னிப்புக்குப் பெரிய சொற்கள் பல அறிவேன். ஒன்றும் பொருந்தவில்லை. நீ மழையில் நனைந்து போனதை நான் அறியாமல் இருந்ததுதான் எனக்குத் தண்டனை. இன்னும் வேறு என்னவெல்லாம் செய்திருக்கிறேனோ, எழுது.

எப்போதும் முதற்படியை நான் வைத்துக்கொண்டு, திருத்தி எழுதிய படியைத்தான் உனக்கு அனுப்புவேன். இது முதற்படி. அடித்தலும் கிறுக்கலுமாக எப்படி வந்ததோ அப்படியே உறையில் இடுகிறேன்.

அக்கா