கீழ்ப்பாக்கம் என்ற ஒரு சொல்

பெருமாள்மலை,
9-11-1961

சிரஞ்சீவி லீலாவுக்கு, பெருமாள்மலை முதல் கோடை ரோடு ஸ்டேஷன் வரை வாய்ச்சொல் ஒன்றாலேயே ஆண்டுவரும் உன் தாய்மாமன் சேனாதிபதி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் அப்பா மூவரும் சுகம், மாடு இரண்டும் சுகம், மேகம்கூட சுகமாக அடுப்படி வரை வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போகிறது. உன் சுகத்துக்குத்தான் நான் சாட்சி தேடி அலையும்படி ஆகிவிட்டது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து இன்று காலை வரை உனக்குப் பைத்தியம். நான் சொல்லவில்லை தாயே, உன்னைப் பெற்றவர் சொன்னார்.

எல்லாம் நீ போட்ட கார்டால் வந்த வினை. சைக்காலஜி பாடம் நன்றாகப் போகிறது, வருகிற சனிக்கிழமை எங்களைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், கவலைப்பட வேண்டாம் என்று மூன்றே வரி. ஏனம்மா, மெட்ராஸ்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் பங்களா இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம், இந்த மலையில் அந்தப் பேருக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற ஒரே அர்த்தம்தான் என்பது உனக்குத் தெரியாதா? மச்சான் கார்டை மூன்று தரம் படித்தார், தரத்துக்கு ஒரு சாண் உயரம் குறைந்தார். அக்கா அழுத அழுகையில் வெள்ளி அருவியில் தண்ணீர் இரண்டு மடங்காகி, டூரிஸ்டுகள் குடையோடு ஓடினார்கள். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் ஆறுதல் சொல்ல வந்தவள், "மனசப் பத்தியே படிச்சா மனசு பெறளத்தேஞ் செய்யும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். மச்சானோ, "எங்களைன்னு எழுதியிருக்கா பாருடா, ஒருத்திக்கில்ல, அந்தப் பாடம் படிச்ச பிள்ளைக அம்புட்டுக்கும் பிடிச்சிருச்சு" என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். நோயாளிகளுக்கு எப்படி வைத்தியம் நடக்கிறது என்று பார்த்துவரக் கூட்டிப் போகிறார்கள், அது பாடத்தில் ஒரு பகுதி என்றேன். யார் நம்புவது? பேரிஜம் ஏரியில் நான் பிடித்த மீனுக்கு மீசை கத்தரிக்க அரிவாள் தேவைப்பட்டது என்று சொன்ன வாயல்லவா இது. "ஏலே, நீ சொல்றதுனாலயே அது பொய்யி" என்று மச்சான் ஒரே போடாகப் போட்டார். உன்னை வெள்ளிக்கிழமைக்குள் பிடித்து, சனிக்கிழமைக்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து, காலேஜுக்கு ஒரு கும்பிடு போட்டுப் பூண்டுக்குக் களையெடுக்க வைப்பது என்று முடிவாகிவிட்டது. இன்று வெள்ளனே டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி ரோட்டோரம் வந்து நின்றுகொண்டார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். நல்லவேளை, மேலே எங்கோ மண் சரிந்து பஸ் ஒரு மணி நேரம் லேட்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் உன் மாமன் ஒரு யுத்தமே நடத்தினான். போன லீவில் நீ என்னை உட்காரவைத்து, ஒரு சொல் சொன்னதும் மனசில் முதலில் வருகிற சொல்லைச் சொல்லு மாமா என்று ஒரு சோதனை வைத்தாயே, அதை மச்சானுக்கு வைத்தேன். பொழுது போகட்டும் என்று அவரும் சம்மதித்தார். பூண்டு என்றேன், ஒட்டன்சத்திரம் என்றார். ஒட்டன்சத்திரம் என்றேன், தரகன் என்றார். தரகன் என்றேன், அவர் சொன்னதைப் படிக்கிற பிள்ளைக்கு எழுதக் கூடாது. சேனாதிபதி என்றேன், கண்ணைக்கூட இமைக்காமல் புளுகு என்றார். கீழ்ப்பாக்கம் என்றேன், பைத்தியம் என்றார். விடுவேனா? "அம்புட்டுத்தேன் மச்சான், பிள்ள எழுதுனது ஊருப்பேரு, பைத்தியத்த இழுத்துட்டு வந்தது உங்க மனசு, ஒரு சொல்லு இன்னொன்ன எப்படி இழுக்குதுன்னு படிக்கத்தேன் உங்க மக மெட்ராஸ் போயிருக்கா" என்றேன். மனுஷன் கார்டை எடுத்து நாலாந்தரம் படித்தார். பாதி மனசு இறங்கியது, மீதிப் பாதி டிரங்குப் பெட்டி மேலேயே கிடந்தது. அதற்குள் வளைவில் ஹாரன் சத்தம். என் ஆயுதமெல்லாம் தீர்ந்துபோய், கடைசியாக லீலா என்றேன். "பஸ்சு" என்றார்.

எனக்கே விளங்கவில்லை. அக்காதான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள், "அவ பஸ் ஏறிப் போன நாள்லருந்து ஆரன் சத்தங் கேட்டா அவ எறங்குறாளான்னு பாக்க மம்பட்டியப் போட்டுட்டு மேட்டுக்கு ஓடுறாரு தம்பி, ஒரு நாளைக்கு ஆறு பஸ்சு, ஆறு ஓட்டம்." மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. பெட்டி மேலே கிடந்த அந்த மீதிப் பாதி பயமில்லை, ஏக்கம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பஸ் வந்து நின்றது, வெரசா ஏறுங்க என்று கண்டக்டர் பெட்டியில் கைவைத்தான். "நீ போப்பா, எஞ்சோலி முடிஞ்சிருச்சு, அவ படிச்சு முடிக்கட்டும்" என்று மச்சான் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

இது உன் கைக்கு வரும்போது கீழ்ப்பாக்கம் போய்த் திரும்பியிருப்பாய். அங்கே இருப்பவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள், வேடிக்கை பார்க்கிற கண்ணோடு பார்த்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். வேளைக்குச் சாப்பிடு, இனிமேல் கார்டு போடாதே, கவர் வாங்கி நாலு பக்கம் எழுது. மலையும் முருகனும் உன்னைக் காக்கட்டும், நீ படித்து இந்த ஊர் மூளை அத்தனையையும் பழுது பார்க்கட்டும், என்னுடையதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முக்கியமாக ஒன்று. கிறிஸ்துமஸ் லீவுக்கு எந்தத் தேதி, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்பதை உடனே எழுது. ஆறு பஸ்ஸுக்கும் அவர் மேடேறினால் இங்கே களையெடுக்க ஆள் நான்தான்.

இப்படிக்கு,
இன்று ஒரு நாள் உண்மை பேசிக் களைத்த உன் மாமன்,
சேனாதிபதி