டாக்டரம்மாவின் இரண்டு விண்ணப்பங்கள்

செப்டம்பர் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் கடிதம். நான் நலம், தூக்கம்தான் பாக்கி. வீட்டில் குழாய் ஒழுகுவது நின்றதா?

மேற்படிப்புக்கு இரண்டு பிரிவுகளில் விண்ணப்பிக்கிறேன். எலும்பு அறுவைக்குப் போட்டி கழுத்தை நெரிக்கிறது. அதை மட்டும் நம்பினால் ஒரு வருடம் வீணாகலாம் என்கிறார் இங்கே எங்கள் பெரிய டாக்டர். அதனால் பொது மருத்துவத்துக்கும் போடுகிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த இடம் உண்டு, எலும்புக்குக் கிடையாது. கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

"ஏன் இந்தப் பிரிவு?" என்று தனித்தனியாகக் கட்டுரை கேட்கிறார்கள். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் நோட்டைத் திருத்தும் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள்.

உங்கள் டாக்டரம்மா

செப்டம்பர் 12

டாக்டரம்மாவுக்கு,

குழாய்க்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன்.

இரண்டு கட்டுரையிலும் "சிறுவயதிலிருந்து இது ஒன்றுதான் ஆசை" என்று சத்தியம் செய்திருக்கிறாய். போகட்டும், எல்லோரும் செய்வதுதான். ஆனால் நழுவிய தோள்மூட்டு உன் உள்ளங்கைக்குள் வந்து பொருந்திய கணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாயே, என் கையைப் பிடித்ததைப் பற்றி ஒரு வரிகூட நீ அப்படி எழுதியதில்லை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. எலும்பைப் பார்த்துப் பொறாமைப்படும் புருஷன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதில் பிழைகள் இருக்கின்றன. திருத்த மனம் வரவில்லை. பொது மருத்துவக் கட்டுரையில் உயிரே இல்லை. முழுக்க நானே எழுதிவிட்டேன். அப்படியே அனுப்பு.

உன் வாத்தியார்

டிசம்பர் 9

அன்புள்ள வாத்தியாருக்கு,

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நம் ஊர் ஆஸ்பத்திரியின் நேர்காணல், கம்ப்யூட்டர் வழியாக. தலைமை டாக்டரம்மா கட்டுரையிலிருந்து ஒரு வரியை வாசித்தார்: "படியேறி வரும் காலடியைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடும் டாக்டராக வேண்டும்." பிறகு சிரித்துக்கொண்டே, "இது யாரோட காலடிம்மா?" என்று கேட்டார். நான் வீடு திரும்பும்போது நீங்கள் கேட்கும் என் காலடி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இதை எழுதினது என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். "அப்போ அவரையே அனுப்புங்க, இடம் தர்றோம்" என்றார்.

அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது உங்கள் ஆசை. பொது மருத்துவ விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். எலும்புக் கட்டுரை பிழைகளோடுதான் போயிற்று. அந்த நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் டாக்டரம்மா

மார்ச் 21

அன்புள்ள வாத்தியாருக்கு,

மாதக்கணக்கில் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

எலும்புப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. ரயிலில் ஒரு பகல் தூரம், மூன்று வருடப் படிப்பு. அங்கே ஒரு பள்ளியில் உங்கள் பாடத்துக்கு ஆள் தேடுகிறார்கள், விசாரித்துவிட்டேன். வீடும் பார்த்தேன். சமையலறையில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்கலாம். கோபத்தை மூட்டை கட்டிவிட்டு வாருங்கள். எனக்கு நீங்களும் வேண்டும்.

உங்கள் டாக்டரம்மா

ஏப்ரல் 2

டாக்டரம்மாவுக்கு,

வாழ்த்துகள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பள்ளிக்கு எழுதினேன். ஜூனிலேயே வரச் சொன்னார்கள். பரண் மேலிருந்து பெட்டியைக்கூட இறக்கினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நீ வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைக்குப் பொருத்திய எலும்பைப் பற்றிச் சொல்வாய். அப்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் கருகுவேன். ஒருநாள் ஏதாவது சொல்லி அந்த முகத்தை வாட வைப்பேன். இன்னொரு நாளும் சொல்வேன். நிறுத்த முடியும் என்று தோன்றவில்லை.

உன்னைப் பிரிந்திருக்கப் பழகிவிட்டேன். உன் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் இருக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. வரவில்லை என்று பள்ளிக்கு நேற்று எழுதிவிட்டேன். உனக்கும் அதையே எழுதுகிறேன்.

வாத்தியார்