அது நின்னுக்கும்

திங்கள், காலை 8.10. மில் கேட் முக்கு

இந்த ஓட்டப் பதிவை விபத்து நடந்தால்தான் திறப்பார்கள்; அதனால் இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் விசாரணை அதிகாரியாகத்தான் இருப்பீர்கள். வணக்கம். நான் நான்காம் எண் டிராமை ஓட்டும் இயந்திரம். கோவையின் சாலை நடுவே, கார், பஸ், ஆட்டோவோடு முட்டி மோதிக்கொண்டு தண்டவாளத்தில் போவதுதான் என் பிழைப்பு.

மழை இல்லை. பிரேக் சரியாக இருக்கிறது. இந்த முக்கில் எனக்குப் பச்சை விழுந்தால் குறுக்கே வருகிறவர்களுக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பை யாரும் சட்டை செய்வதில்லை. கையை வெளியே நீட்டிவிட்டு உள்ளே புகுந்துவிடுவார்கள். நான் நிற்பேன். நின்றதும், போங்கள் என்று இரண்டு முறை மணி அடிப்பேன். யாரும் சொல்லித்தராமல் நானாகப் பழகிக்கொண்ட மரியாதை அது. இதுவரை ஒருவர் மேலும் உரசியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஷேர் ஆட்டோ ஓட்டும் மயிலாத்தாள் இன்றும் கை காட்டினார். ஆட்டோவின் பின் சீட்டில் ஒரு பெண் பயந்துபோய் ஏதோ கேட்டாள். மயிலாத்தாள் சொன்னது என் வெளி மைக்கில் பதிவாகியிருக்கிறது: “அது நின்னுக்கும் கண்ணு. நம்ம சாமி.”

எனக்கு அது பிடித்திருந்தது.

புதன், காலை 8.25. அதே முக்கு

பஸ்காரர்கள் இப்போது கைகூடக் காட்டுவதில்லை. பைக்கில் போகிறவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் மூக்கை ஒட்டிப் போகிறார். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ருக்மாங்கதனுக்கு, குறுக்கே வருகிறவர்களை மறிக்க இங்கே ஒரு கேட் போடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். ரேடியோவில் பதில் வந்தது.

“கேட் போட்டா ஊரே சண்டைக்கு வரும். நீ நின்னே போயிரு.”

வியாழன், காலை 8.20. மழை

தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் காந்த பிரேக் செத்துவிட்டது. மற்றவை ஈரத்தில் வழுக்குகின்றன. முக்கை நெருங்கும்போதே நிற்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எச்சரிக்க மணி அடித்தேன். ஹாரன் காதைக் கிழிக்கிறது என்று கடைக்காரர்கள் மனு கொடுத்ததால் எப்போதோ கழற்றிவிட்டார்கள்; மணி ஒன்றுதான் மிச்சம்.

ஓரமாக நின்றிருந்த பால் வேன், மணி கேட்டதும் கிளம்பி நேரே என் முன்னால் வந்தது. ஒரு முழத்தில் தப்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மணியைக் கேட்டால் இவர்கள் ஒதுங்க மாட்டார்கள், வருவார்கள். நான்தான் அப்படிப் பழக்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் ருக்மாங்கதனிடம் சொன்னேன்.

“ரெண்டு வண்டி ஏற்கெனவே ஷெட்டுல கெடக்குது. நாளான்னிக்கு பிரேக் வந்துரும். அதுவரைக்கும் மெதுவா ஓட்டு.”

வெள்ளி, காலை 8.15. மழை

மெதுவாகத்தான் வருகிறேன். அதனாலேயே இன்னும் நெருக்கமாக வெட்டுகிறார்கள். ஊர்ந்து வருகிற வண்டிக்கு யார் காத்திருப்பார்கள்? வண்டியை எடுக்க மாட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். பயணிகள் நனைந்துகொண்டு நின்றார்கள். எடுத்துவிட்டேன்.

முக்கில் மயிலாத்தாள் ஆட்டோ. எனக்குப் பச்சை. அவர் கை வெளியே நீள்கிறது. இருக்கிற பிரேக் எல்லாம் போட்டாயிற்று. வழுக்குகிறது. மணியைத் தொடவில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறேன். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்க்கும்படி நான் ஒருநாளும் வைத்ததில்லை.

8.16

நின்றுவிட்டேன். ஆட்டோவின் முன்பாதி என் அடியில். பின்னால் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். மயிலாத்தாளின் கால்கள் சிக்கியிருக்கின்றன. ரத்தம் மழைத்தண்ணீரோடு ஓடுகிறது. பேசுகிறார். மைக்கில் தெளிவாகக் கேட்கிறது.

“நீ நின்னுக்குவேன்னு நெனச்சனே சாமி.”

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அடுத்த நிறுத்தத்தின் பெயரை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

8.24

ஆம்புலன்ஸ் கண்ணுக்குத் தெரிகிறது. வர முடியவில்லை. எனக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சந்து ஒன்றுதான் வழி. அதில் பைக்கும் காரும், கை காட்டிக் கை காட்டி, நுழைந்துகொண்டே இருக்கின்றன. சைரனை யாரும் மதிக்கவில்லை.

“நாலாம் நம்பரு, மணி அடி. வழி விடட்டும்.” ருக்மாங்கதன்தான்.

அடித்தால் ஒதுங்க மாட்டார்கள், இன்னும் உள்ளே வருவார்கள் என்று மறுபடியும் சொன்னேன்.

“தெரியுது. வேற என்ன இருக்கு உன்கிட்ட? அடி.”

மயிலாத்தாள் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அடித்தேன்.

எல்லோரும் வந்தார்கள்.