விருந்தாளி பார்க்காத அறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் சௌக்கியம், அதிலும் நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியமாகவே இருக்கிறேன். அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் இருமல் நின்றதா என்று போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய், அதைப் பற்றி இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதாவது ஒரு வரி எழுது. நம் சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுக ஆரம்பித்தது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தார், முன்பு சொட்டாக ஒழுகியது இப்போது தாரையாக ஒழுகுகிறது. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸைப் பிரித்துப் பூட்டியவர், குழாய் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. தம்பி காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருகிறான், வந்ததும் உனக்குப் போன் போட்டு என்னைப் பற்றிக் கோள் சொல்ல மட்டும் அவனுக்கு நேரம் கிடைக்கிறது.

என் வேலை இடத்தில் நடந்ததை அவன் சொல்லிக் கேட்டு நீ அனுப்பிய குரல் செய்தியை நானும் அப்பாவும் சேர்ந்தே கேட்டோம். இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வம்பு, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா படகுப் பக்கமே நிழல்ல நின்னிருக்கலாம், இப்ப கார் பார்க்கிங்ல வெயில்ல நிக்கிற, பேசாம ரிசைன் பண்ணிடு என்று சொல்லியிருந்தாய். என்மேல் உள்ள பாசத்தில் சொன்னாய் என்று தெரியும். ஆனால் நடந்தது என்னவென்று நீ என் வாயால் கேட்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், அப்பா பக்கத்தில் இருந்து திருத்தம் சொல்வார், கடைசியில் நான் எதையோ மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

எங்கள் தீம் பார்க்கில் வருகிறவர்களைக் கஸ்டமர் என்று சொல்லக் கூடாது, கெஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அதை வாயில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும். வீட்டுக்கு ஆள் வந்தால் நானும் அப்பாவும் என்ன சண்டையில் இருந்தாலும் கூடத்துக்கு வரும்போது முகத்தை மாற்றிக்கொண்டு வருவோம், நீயும் தம்பியும் கதவிடுக்கில் பார்த்துச் சிரிப்பீர்களே, என் வேலையும் ஏறக்குறைய அதுதான். கொஞ்ச காலமாக அது எங்கள் பார்க்கில் கெட்டுப்போய்விட்டது. டிக்கெட் வாசலில் கெஸ்ட் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், உள்ளே இருக்கிற இரண்டு பெண்களும் யார் வேலையை விட்டுப் போகிறார்கள், யாருக்கு எந்த ஷிப்ட் என்று அவருக்குப் பின்னால் இருக்கிற மூன்றாவது வாசல் ஆளிடம் கத்திக்கொண்டிருப்பார்கள். முயல் வேஷம் போடுகிறவர் ஐஸ்கிரீம் கடைப் பக்கத்தில் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு சோடா குடித்தார், அதைப் பார்த்த ஒரு பிள்ளை முயல் செத்துப்போச்சு என்று அழுத அழுகையை நிறுத்த முடியவில்லை. அறிவிப்பு அறைப் பெண் மைக்கை அணைக்காமல் புருஷனுக்குப் போன் போட்டு, இன்னிக்கு நான் சமைக்க மாட்டேன், உங்க அம்மாவையே ஆக்கிப் போடச் சொல்லு என்று சொன்னது பார்க் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. அதற்குக் கெஸ்ட் நாலு பேர் கை தட்டினார்கள், அது வேறு விஷயம். சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துச் சிரித்தே அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேள்.

நான் நிற்கிற இடம் படகுச் சறுக்கு. உனக்குத் தெரியும், மேலே ஏறி ஒரேயடியாகத் தண்ணீரில் வந்து விழுமே, அதுதான். கெஸ்ட்டை உட்கார வைத்து, தொடைமேல் கம்பியை இறக்கி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. எதிர்ப்பக்கம் என்னோடு ஒரு பெண், சுருட்டை முடி என்பதால் எல்லோருக்கும் அவள் சுருட்டை. கன்ட்ரோல் பெட்டியில் உட்காருகிறவன் நெட்டையாக இருப்பான், ஒட்டகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருவரும் கெட்டவர்கள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று கூட்டம், வெயில், வரிசை மூன்று வளைவு வளைந்து நின்றது. ஒரு அம்மா தன் புருஷனோடும் பத்து வயதுப் பெண்ணோடும் வந்தாள், நல்ல கனத்த உடம்பு. முன்வரிசையில் உட்கார்ந்தாள், கம்பி பூட்டவில்லை. சுருட்டை அழுத்திப் பார்த்தாள், இறங்கவில்லை. அப்போது பெட்டியிலிருந்து ஒட்டகம், படகு மூழ்கிடப் போகுது, நமக்கு முதல்ல லைப் ஜாக்கெட் எடுத்துக் குடு என்றான். சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது, அவள் பெண்ணுக்கும் கேட்டுவிட்டது. அவள் எழுந்து, எனக்குத் தலை சுத்தும்டா, நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க, நான் கீழ நின்னு பார்க்கிறேன் என்று பெண்ணின் தலையைத் தடவினாள். அந்தப் பெண் படகை விட்டு இறங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டகத்தையே பார்த்தது. அழவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது மகளே. நான் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். பின்னால் வந்துகொண்டிருந்த படகெல்லாம் நின்றது. வரிசையே எட்டிப் பார்த்தது. ஒட்டகத்தைப் பார்த்து, கீழ இறங்கி வா, ரெண்டு பேரும் இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க, கேக்குற வரைக்கும் படகு நகராது என்றேன். அவன், அக்கா, சும்மா தமாசுக்குச் சொன்னது, விடுங்க, வரிசை நிக்குது என்றான். என் வயதுக்கு அக்கா என்கிறார்கள், அதை நான் திருத்துவதில்லை. தமாசுன்னா சத்தமா சொல்லு, எல்லாரும் சிரிக்கட்டும் என்றேன். வரிசையில் தொப்பி போட்ட ஒரு ஆள், நாங்க நிக்கிறோம்மா, அவசரமில்ல என்றார்.

ஒட்டகம் இறங்கி வந்து கேட்டான், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேட்டான். சுருட்டையும் கேட்டாள். அந்த அம்மா, மன்னிப்பு இருக்கட்டும், என்னை உட்கார வைக்க வழி இருக்கா சொல்லுங்க என்றாள். கடைசி வரிசையில் கம்பிக்கு இடம் கூடுதல், அங்கே உட்கார வைத்தேன், பூட்டியது, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் நனைந்து திரும்பி வந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டு வந்தது, தாய் சிரிக்கவில்லை, ஈரக் கையால் என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். உன் வயதுதான் இருக்கும், சட்டையில் மடிப்புக் கலையாமல் வருகிற ஆள். கெஸ்ட் முன்னாடி ஸ்டாஃபை நிறுத்தி வச்சு அவமானப்படுத்தியிருக்கீங்க, பார்க் பேரு என்ன ஆகும், இதை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். சார், கெஸ்ட்டை அவமானப்படுத்தினது எல்லார் முன்னாடியும், மன்னிப்பை மட்டும் ரகசியமாக் கேக்கணுமா என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அவர்கள் இரண்டு பேரையும் மாதக் கடைசியோடு அனுப்பப் போவதாகவும் எனக்கு நாளையிலிருந்து கார் பார்க்கிங் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து முகம் கழுவலாம் என்று கெஸ்ட் கழிப்பறைக்குப் போனால் சுருட்டை கண்ணாடி முன்னால் நின்று அழுகிறாள், கை கழுவ வந்த ஒரு பிள்ளை அவளை வேடிக்கை பார்க்கிறது. கெஸ்ட் முன்னாடி இது என்ன என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்த்துத் திரும்பி, வேற எங்கக்கா போய் அழறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கெஸ்ட்டு, காலையில வந்து நின்னது இன்னும் உட்காரல, சாப்பாட்டு டப்பாவைக் குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி நின்னு சாப்பிட்டேன், நீங்க எங்க சாப்பிட்டீங்க என்று கேட்டாள். நான் இயந்திர அறைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தேன். அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. படகுக்குப் பின்னால் எங்களுக்கு என்று ஓர் அறை இருந்தது, மின்விசிறியும் இரண்டு பெஞ்சும் சாத்துகிற கதவும் உள்ள அறை. போன வருஷம் அதைப் போட்டோக் கடை ஆக்கிவிட்டார்கள், படகு விழும்போது வாயைப் பிளக்கிற முகத்தைப் படம் பிடித்து விற்கிறார்கள். முன்பு மேனேஜரைத் திட்டுவதானால் அந்த அறைக்குள் போய்த் திட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, சிரித்த முகமாக வெளியே வருவோம். இப்போது அதெல்லாம் கெஸ்ட் மத்தியிலேயே நடக்கிறது. முயல்காரர் அந்தத் தலைக்குள் மூச்சு முட்டினால் எங்கேதான் கழற்றுவார். அதற்காக ஒட்டகம் சொன்னது சரியாகிவிடாது, அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. ஆனால் அறையைப் பிடுங்கினவர்கள் பேரைக் காப்பாற்றுவதற்காக இரண்டு பிள்ளைகளின் வேலையைப் பிடுங்க விடுவேனா.

மறுநாள் காலையில் எல்லோரிடமும், சாப்பாட்டை மேனேஜர் அறைக்கு எடுத்து வாருங்கள் என்று சொல்லிவைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் ரவுண்டு போயிருந்தார். தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், முதலில் வந்தது சுருட்டை. என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் டிக்கெட் வாசல் பெண்கள், பெருக்குகிற அண்ணன், அறிவிப்புப் பெண், கடைசியில் முயல்காரர் வேஷத்தோடே வந்து தலையைக் கழற்றி மேனேஜரின் நாற்காலியில் வைத்துவிட்டு, ஏசி நல்லா இருக்கு என்றார். ஒட்டகம் வாசலில் தயங்கி நின்றான், உள்ள வாடா, காத்து வெளிய போகுது என்று நான்தான் கூப்பிட்டேன். மேனேஜர் வந்து கதவைத் திறந்தார், தன் நாற்காலியில் முயல் தலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இதெல்லாம் என்ன என்றார். சார், எதுவா இருந்தாலும் கெஸ்ட் கண்ணுல படாம உள்ளே வச்சுக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க, பார்க் முழுக்கத் தேடிப் பார்த்தோம், கெஸ்ட் வராத இடம் இது ஒண்ணுதான் இருக்கு என்றேன். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை, நேரம் முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனோம். மறுநாளும் போனோம். அதற்கும் மறுநாள் அறையைப் பூட்டியிருந்தார், வாசலில் நடையிலேயே வரிசையாக உட்கார்ந்தோம். அன்று பார்த்து முதலாளியம்மா வந்துவிட்டார், தலையில்லாத முயல் ஒன்று தன் ஆபீஸ் வாசலில் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் விசாரித்தார், நான் படகில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

போட்டோக் கடையில் பாதியைத் தடுத்து எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் இல்லை, ஆனால் கதவு சாத்துகிறது. ஒட்டகத்தையும் சுருட்டையையும் அனுப்பவில்லை. அதற்காக எல்லோரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று எழுதமாட்டேன், நேற்றுகூட டிக்கெட் வாசலில் ஒருத்தி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கெஸ்ட்டுக்குச் சில்லறை கொடுத்தாள், நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், வைத்துவிட்டாள். என் கார் பார்க்கிங் மட்டும் மாறவில்லை. அதைப் பற்றித்தான் நீயும் தம்பியும் கவலைப்படுகிறீர்கள். அப்பா முதலில் முணுமுணுத்தார், இப்போது ஒரு பெரிய குடையைத் தேடி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார், கடைக்குப் போகிற சாக்கில் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டும் போகிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் முதலில் பார்க்கிற முகம் என் முகம்தான், அதை நான் மட்டமான வேலை என்று நினைக்கவில்லை. வெயில் சுடுகிறது, சுடட்டும்.

முந்தாநாள் மேனேஜர் அங்கேயே நடந்து வந்தார். கெஸ்ட் முன்னால் கத்தியது தவறு, வருந்துகிறேன் என்று நாலு வரி எழுதிக் கொடுங்க, நாளைக்கே படகுக்கு வந்துடலாம் என்றார், கொஞ்சம் கெஞ்சலாகவே சொன்னார். யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, எனக்கு எழுத வராதே சார் என்று சொல்லிவிட்டேன். உனக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்று தம்பியிடம் சொல்லாதே, அவன் வாய் சும்மா இருக்காது.

நீயும் நாளெல்லாம் கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறாய், கால் வீங்குகிறது என்று அன்றைக்குச் சொன்னாய். உங்களுக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று மறக்காமல் எழுது. இல்லையென்றால் கேள், மரியாதையாகக் கேள், இரண்டு தரம் கேள், அதற்கப்புறம் என்ன செய்வது என்று அம்மாவுக்கு எழுது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நன்றாக இருக்க வேண்டும்.

ரிசைன் பண்ணாத,
உன் அம்மா