தம்பிக்குப் பிடித்து வைத்த இடம்

தேஹு ரோடு, 12.8.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

மூத்தவன் கதிரேசன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். டிப்போ வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறியவன், பழக்கத்தில் பக்கத்தில் பையை வைத்துத் தம்பிக்கு இடம் பிடித்துவிட்டேன். அவன்தானே எப்போதும் கடைசியில் ஓடி வருவான். "இன்னும் ஆள் வரணுமா?" என்று டிரைவர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். அவன் இறந்துபோனது அவருக்கு எப்படித் தெரியும்? வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் டிப்போ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. ஊறுகாய் கொடுத்தனுப்பினால் தம்பிக்குப் போடுகிற காரத்திலேயே போடுங்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாதுதான், இருக்கட்டும்.

கதிரேசன்