ராசாவைச் சுமந்த சால்வை

ஓயாமல் மழை பெய்யும் நம் வட்டவளையில் இன்று வெயில் வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டாய். மழை விட்ட கையோடு பெட்டியைத் திறந்து, கம்பளித் துணிகளையெல்லாம் வாசல் கல்லில் விரித்தேன். அந்தப் பழுப்புச் சால்வையை உதறும்போதுதான் பார்த்தேன், நூலோடு நூலாகச் சிக்கிக்கிடந்தது ஒரு பொன்னிற முடி. எத்தனை தரம் துவைத்திருப்பேன்! இழுத்தும் வரவில்லை. உன் ராசாவுக்கும் உன்னைப் போலவே பிடிவாதம்.

ஒரே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் நீ மேல் லயம், நான் கீழ் லயம். ஊரில் முகம் பார்த்ததோடு சரி, பேசிப் பழகியது கடல் தாண்டித்தான். நாம் வேலைக்குப் போன அந்த வளைகுடா வீட்டில் சமையல் எனக்கு, நாய் உனக்கு. அந்த மெலிந்த வேட்டை நாய்க்கு அரபியில் நீளமாக ஏதோ பெயர். வீட்டு மேடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாலும் காதை அசைக்காது. "வாடா ராசா, ரொட்டி தின்னு" என்று நீ சொன்னால் பாய்ந்து வரும். "பாத்தியா, நாய்க்கு நம்ம பேச்சுதான் புரியுது" என்று உனக்குக் கர்வம் வேறு.

குளிர்கால விடுமுறைக்கு அந்த வீட்டார் பாலைவனத்தில் கூடாரம் போட்டபோது நம்மையும் கூட்டிப்போனார்கள். அலையலையாக மணல் மேடுகள், ஒரு புல் இல்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"அடியே, இம்புட்டு மலையிலயும் தேயிலைய யாருடி புடுங்கிப் போட்டது?"

நான் சிரித்த சிரிப்பில் மேடம் திரும்பிப் பார்த்து முறைத்தார். நீ அசரவில்லை. பிள்ளைகளோடு ஓடி உச்சியிலிருந்து உருண்டாய். "விழுந்தா அடிபடாத மலைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று வாயெல்லாம் மணலோடு சொன்னாய்.

மறுநாள் காலை ஆண்கள் ஜீப்பில் போய்விட்டார்கள். மேடமும் பிள்ளைகளும் தூக்கம். எங்கிருந்தோ ஒரு முயல் குறுக்கே ஓட, ராசா வாரை அறுத்துக்கொண்டு பறந்தான். உன் முகம் செத்துப்போனது. நாயைப் பார்க்கத்தான் உன்னை எடுத்திருந்தார்கள். நாய் தொலைந்தால் உன்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். நீ போய்விட்டால் அந்தப் பெரிய வீட்டில் தமிழில் பேச எனக்கு ஒரு நாதியில்லை. உன்னைவிட நான்தான் அதிகம் பயந்தேன் என்று நினைக்கிறேன்.

இருவரும் ஓடினோம். பள்ளத்தில் நின்று, தோட்டத்தில் கூப்பிடுகிற மாதிரியே "ராசா..." என்று குரல் கொடுத்துவிட்டுக் காது கொடுத்து நின்றேன். ஊரிலென்றால் எதிர்மலை திருப்பிச் சொல்லும். இங்கே ஒன்றுமில்லை.

"மணலு சத்தத்த முழுங்குதுடி. மேல ஏறிக் கூப்பிடுவோம்" என்றாய்.

உச்சியில் நின்று நீ கூப்பிட்டதும் கீழே எங்கோ ஒரு முனகல். துருப்பிடித்த தகரத்தில் பாதம் கிழிந்து கிடந்தான். எழுந்து நிற்க முடியவில்லை. ஜீப் வரட்டும், ஆண்களைக் கூட்டிவருவோம் என்றேன். காற்று நம் காலடித் தடத்தை அழித்துக்கொண்டிருந்ததைக் காட்டினாய்.

"போயிட்டு வந்தா இந்த எடத்த எப்புடிக் கண்டுபுடிப்ப? எல்லாம் ஒரே மாதிரி மேடு. சால்வையைக் குடு."

அவனைச் சால்வையில் பொதிந்து, முனைகளை முடிந்து முதுகில் ஏற்றி, முடிந்த வளையத்தை நெற்றியில் மாட்டிக்கொண்டாய். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிடுகிற கொழுந்துக் கூடையேதான்! அவன் கால்கள் மட்டும் வெளியே தொங்கின. முதல் மேடு நீ, அடுத்தது நான். எனக்குக் கால் புதைந்து தள்ளாடியபோது பின்னாலிருந்து உன் அதட்டல். "முதுகுல வாங்காத, தலைக்குக் குடு! ஒரு கூடைக் கொழுந்துதான், நட!" நடந்தேன். கூடாரம் தெரிந்ததும் நீ மணலில் உட்கார்ந்து அழுதாய். ராசா உன் கன்னத்தை நக்கினான். மேடம் ஓடிவந்து நாயைத்தான் கட்டிக்கொண்டார், ஆனால் உன்னை அனுப்பவில்லை. எனக்கு அது போதும்.

ஊருக்குத் திரும்பிப் பல காலம் கழித்து, போன மழைக்காலத்தில் மேல் லயத்துப் பாதை சரிந்து கிடந்தது. உனக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி வண்டி கீழ் ரோட்டோடு நின்றுவிட்டது. லயத்து ஆண்கள் உன்னை வைத்துத் தூக்கிப்போக நாற்காலி தேடி ஓடினார்கள். நான் காத்திருக்கவில்லை, சால்வையோடு வந்தேன். நீயும் காய்ந்து ஒரு பிடியாகிப் போயிருந்தாய். முதுகில் ஏற்றி, நெற்றியில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் என் காதருகே உன் குரல்.

"ராசாவ விட நான் கனமாடி?"

மூச்சு வாங்கியதில் நான் பதில் சொல்லவில்லை. ரோட்டில் உன்னை இறக்கி வண்டியில் ஏற்றியபோதும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நீ வரவில்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்றைக்கு நீ கனக்கவே இல்லை. கனம் இப்போதுதான். அதற்காக ஒன்றும் கவலைப்படாதே. முதுகில் வாங்கவில்லை, தலைக்குத்தான் கொடுத்திருக்கிறேன். நடந்துகொண்டுதான் இருக்கிறேன்டி.