பதினோரு மணி நேரம்

மதிப்பிற்குரிய மதியழகன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக வினிதா அக்காவிடம். நான் அவளுடைய தங்கை அஞ்சலி. உங்களை அண்ணா என்று கூப்பிடக் கூடாதாம். மாமா என்று கூப்பிட நிச்சயதார்த்தம் முடிய வேண்டுமாம். அதனால்தான் மேலே அப்படி எழுதியிருக்கிறேன். எனக்குப் போன் கிடையாது. நாளை டியூஷனில் என் தோழி கெசியா இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். படிப்பாள்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்கள் ஜாதகம் வந்த அன்று, சான் பிரான்சிஸ்கோ போக எவ்வளவு நேரமாகும் என்று அம்மா கேட்டாள். அக்கா போனில் பார்த்தேன். சென்னையில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் அதே தேதியில் மதியம் ஒரு மணிக்கு அங்கே இறங்கலாம் என்று போட்டிருந்தது. கழித்துப் பார்த்துப் பதினோரு மணி நேரம் என்றேன்.

"தாம்பரத்துல ஏறி திருநெல்வேலில இறங்குற நேரம்தானே" என்றாள் அம்மா. தாத்தா இறந்தபோது அந்த ரயிலில் போய்த்தான் முகத்தைப் பார்த்தாள். அப்பாவும் போன பிறகு அவளுக்கு ஒரே நிபந்தனைதான். கூப்பிட்டால் பெண் ஒரு ராத்திரியில் வந்து சேர வேண்டும். மறுநாளே உங்கள் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

போன வாரம் தலை தீபாவளிக்காகத் திரும்பி வரும் விமானத்தைப் பார்க்கச் சொன்னாள். அங்கே திங்கள் மாலை கிளம்பினால் இங்கே புதன் விடியற்காலை. அப்போதுதான் புரிந்தது. உங்கள் கடிகாரம் எங்களுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறி, மொத்தம் இருபத்து மூன்றரை மணி நேரம். தீர்க்கரேகை பாடத்தில் நான் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

எங்கள் மாடிக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் போகும். அம்மா துணி காயப்போட்டபடியே பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் சாரிடம், "உங்க பையன் பெங்களூர்ல பஸ் பிடிச்சு டிராபிக்ல தவழ்ந்து வர்றதுக்குள்ள என் பொண்ணு வந்துடுவா சார்" என்கிறாள். அப்போதெல்லாம் அக்கா கீழே இறங்கிப் போய்விடுகிறாள். அவளுக்குச் சரியான நேரம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்களோடு பேசிவிட்டு வந்தால் அவள் முகமே மலர்ந்து வேறாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நிச்சயம். சொன்னால் அம்மா வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால், என்றைக்காவது ஒரு நாள் அவள் பதினோரு மணி நேரம் முடிந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சமைக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டபோது, "சாம்பார் வைப்பேன் அத்தை, ஆனா நீங்க சாப்பிட மாட்டீங்க" என்றீர்களே, அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீங்கள் உண்மை சொன்னால் கேட்பாள். நிச்சயத்துக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் அன்றைக்கே அக்காவை விமானம் ஏற்றிவிடுவேன் என்றும் சொல்லுங்கள். தப்பு என்னுடையது என்று சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள் இருவரும் நன்றாக

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "லைட் எரியுது, இன்னும் தூங்கலையாடி?" அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை வரை எதற்கு, இப்போது நானே அவளிடம்